உங்க தெரு யாருக்குப் போட்டுச்சு?

கேள்வி: ஓட்டு மெஷின ஹேக் பண்ண முடியுமா முடியாதா? எங்க ஊர் டீக்கடையில இதுக்கு தினமும் சண்டை. ஒரே வரியில பதில் சொல்லி முடிச்சு வைங்க சார். (வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: ஒரு வரியில முடியற விஷயம்னா டீக்கடையிலயே முடிஞ்சிருக்குமே சார். 2009ல தோத்தப்ப பிஜேபிக்காரங்க மெஷின் மேல சந்தேகப்பட்டாங்க, இப்ப காங்கிரஸ்காரங்க படறாங்க, அந்த சண்டைய அவங்ககிட்டயே விட்ருவோம்.

எங்கயோ உக்காந்து செல்போன்ல தட்டி ஓட்ட மாத்தறதெல்லாம் கதை, நம்ம மெஷின்ல நெட் கனெக்‌ஷனே கிடையாது. ஆனா மெஷின் கையில கெடச்சா? 2010ல ஹரி பிரசாத்னு ஹைதராபாத் இன்ஜினியரும் ரெண்டு வெளிநாட்டுக்காரங்களும் நிஜ மெஷின் ஒண்ண வச்சு, உள்ள இருக்கற பார்ட்ட மாத்தி கணக்க திருப்பிக் காட்டினாங்க, மெஷின் எப்படி உங்க கைக்கு வந்துச்சுன்னு கேட்டு ஹரி பிரசாத்த அரெஸ்ட் பண்ணதுதான் மிச்சம். அப்புறம் 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லி விவிபேட் சீட்டு வந்துச்சு, நாம யாருக்குப் போட்டோம்னு அச்சடிச்சுக் காட்டற சீட்டு. ஏழு செகண்ட் கண்ணுல காட்டிட்டு உள்ள விழுந்துடும், அதையும் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு அஞ்சு பூத்துலதான் எண்றாங்க, முழுசா எண்ணுங்கய்யான்னு கேட்டதுக்கு 2024 ஏப்ரல்ல கோர்ட் ஒத்துக்கல. ஜெர்மனியில 2009லயே, டெக்னிக்கல் அறிவு இல்லாத சாதாரண ஆளும் தேர்தல சரிபார்க்க முடியணும், இதுல முடியலன்னு சொல்லி அவங்க மெஷின கோர்ட்டே தூக்கிப் போட்டுச்சு. இங்க பெரும்பாலும் யாரும் அந்தக் கேள்விய கேக்கறதில்ல, ஹேக் ஆச்சா ஆகலையான்னுதான்.

சரி, நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், எனக்கு உறுத்தறது இதுதான். பேப்பர் காலத்துல பல பூத்து பெட்டிய ஒண்ணா கொட்டி கலக்கி எண்ணுவாங்க, எந்த ஊர் யாருக்குப் போட்டுச்சுன்னு தெரியக்கூடாதுன்னு. (பெட்டியத் தூக்கிட்டு ஓடினதும், கட்டு கட்டா குத்தித் தள்ளினதும் அதே காலம்தான், மெஷின் நிமிஷத்துக்கு நாலஞ்சு ஓட்டுக்கு மேல வாங்காது, அந்த நல்லத நான் மறுக்கல.) இப்ப ஒவ்வொரு மெஷினும் தனித்தனியா கணக்கு சொல்லுது, அது ஃபார்ம் 20னு தேர்தல் கமிஷனோட ரிசல்ட் படிவத்துல பூத் வாரியா வெளியயும் வந்துடுது. ஒரு பூத்துக்கு ஆயிரத்து சொச்சம் பேர், அதுவும் காலனிக்கு ஒரு பூத், ஊருக்கு ஒரு பூத்துனு இருக்கற எடத்துல இதுக்குப் பேரு ரகசிய ஓட்டா? 2019ல பிஜேபியோட மேனகா காந்தி மேடையிலயே சொன்னாங்க, எங்களுக்கு 80 சதவீதம் போட்ட கிராமம் ஏ, அப்புறம் பி, சி, டி, வேலையெல்லாம் மொதல்ல ஏ-க்குதான்னு. மத்தவங்க மைக் இல்லாம செய்யறாங்க, அவ்ளோதான்.

இதுக்கு மருந்து இல்லாம இல்ல. டோட்டலைசர்னு ஒண்ணு, 14 மெஷின ஒண்ணா மாட்டி மொத்தக் கூட்டல மட்டும் காட்டும். 2008லயே தேர்தல் கமிஷன் கேட்டுச்சு, 2015ல சட்டக் கமிஷனும் சரின்னுச்சு. பூத் கணக்கு தெரிஞ்சாதான் கட்சிங்க எங்க வேலை செய்யணும்னு தெரியும்னு மத்திய அரசு வேணாம்னுடுச்சு. ஹேக்குன்னா துள்ளிக் குதிக்கற எந்தக் கட்சியும் இதுக்காக ரோட்டுக்கு வந்து நான் பாத்ததில்ல, ஏன்னா அந்தக் கணக்கு எல்லாருக்குமே வேணும்.

நாளைக்கு உங்க டீக்கடையில எந்தக் கட்சி பூத் ஏஜென்ட் இருந்தாலும் போன எலக்‌ஷன்ல நம்ம தெரு எப்படின்னு சும்மா கேட்டுப் பாருங்க, டீ ஆர்றதுக்குள்ள நம்பரோட சொல்லுவாரு.