தத்தெடுக்கும் முன் விசாவைப் பாருங்கள்

தம்பி, எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்திருக்கும் நீங்கள் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சை எடுத்ததும் உடன் வேலை செய்பவர் முகம் சுளித்தது ஏன் என்பதும் உங்களுக்குப் புரியவில்லை.

இந்தியாவில் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் காரா அமைப்பு, வெளிநாடு வாழ் இந்தியரை உள்நாட்டுப் பெற்றோருக்குச் சமமாகவே வரிசையில் வைக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு நம்பிக்கையோடு பதிவு செய்பவர்கள் பலர். சிக்கல் அமெரிக்கப் பக்கத்தில் இருக்கிறது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின்படி குழந்தையை அழைத்துவரும் மனுவை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்தான் போட முடியும். கிரீன் கார்டுகூடப் போதாது. மற்றவர்கள் குழந்தையைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்து இரண்டாண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் அதை அவர்கள் பிள்ளையாக ஏற்கும். குழந்தைக்கு விசா கிடைக்காதபோது அந்த இரண்டாண்டுகள் இந்தியாவில்தான் கழியும். வேலையை விட்டுவிட்டு யார் போய் இருப்பது என்று முதலில் வீட்டில் பேசுங்கள். பணம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முகச்சுளிப்புக்கு வருகிறேன். 2004இல் வெளிநாடுகளிலிருந்து இங்கே தத்து வந்த குழந்தைகள் ஏறக்குறைய 23,000, 2023இல் 1,275. ரஷ்யா 2012 இறுதியில் அமெரிக்கர்களுக்குத் தடை போட்டது அரசியல் கோபத்தில். எத்தியோப்பியா 2018இலும் சீனா 2024இலும் வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. ஆனால் இங்குள்ளவர்களை உறுத்துவது பொய்க் கோப்புகள். தென்கொரியாவிலிருந்து, பெற்றோர் உயிரோடு இருந்த பிள்ளைகளையே அனாதை என்று பதிந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதை அந்நாட்டின் உண்மை ஆணையம் 2025இல் உறுதிசெய்தது. அப்படி வந்து வளர்ந்த ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய கோப்பில் ‘பெற்றோர் விவரம் இல்லை’ என்று தட்டச்சு செய்த ஒற்றை வரி; மரபணுப் பரிசோதனையில் கிடைத்ததோ கூடப்பிறந்த அக்காள். வளர்த்த பெற்றோர் மீது அவருக்குக் கோபமில்லை. அந்த வரியை அடித்தவர் யார் என்றுதான் இன்னமும் தேடுகிறார்.

அதற்காக எல்லாக் கதவையும் மூடுவதை நான் ஏற்கவில்லை. ஐந்தாறு வயது கடந்தவர்களையும் உடற்குறை உள்ளவர்களையும் உள்நாட்டில் கேட்பவர்கள் குறைவு.

காராவில் பதிவதற்கு முன்பே, தத்தெடுப்பு வழக்குகளைப் பார்த்த குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் விசா நிலையைக் காட்டிக் கேளுங்கள்.