பெட்டியில் நாலு, உள்ளே எத்தனை? எடை குறைந்த கூடாரங்கள் பற்றிக் கேள்வி பதில்

முதுகில் சுமந்து நடந்துபோய்த் தங்குகிற சின்னக் குழுக்களுக்கான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே டென்ட் போடுகிறவர்களுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் தாராளமாகப் பெரிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்க நாலு நண்பர்கள். நாலு பேர் டென்ட் ஒண்ணு வாங்கிப் பிரிச்சுத் தூக்கலாமா, இல்ல ரெண்டு பேர் டென்ட் ரெண்டு வாங்கலாமா? ஒண்ணா வாங்கினா எடை குறையும்னு ஒருத்தன் அடிச்சுச் சொல்றான்.

காகிதத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஒரே கூரைக்குக் கீழே நாலு பேரைப் படுக்க வைத்தால் தலைக்கு ஆகும் துணி குறையும். ஆனால் கடையில் அந்தக் கணக்கு தோற்றுவிடுகிறது. எடையைக் குறைப்பதற்கான நல்ல துணியும் மெல்லிய கம்பிகளும் பெரும்பாலும் ஒருவர், இருவர் கூடாரங்களுக்குத்தான் போகின்றன. நால்வர் கூடாரங்களை உயரமாக, கனமான துணியில், குடும்பங்களை மனதில் வைத்துச் செய்கிறார்கள். கம்பி நீளம் கூடும்போது அது வளையாமல் நிற்க இன்னும் தடிமனாகவும் வேண்டும். நடைக்கு ஏற்ற நால்வர் கூடாரம் பெரும்பாலும் 2.3 முதல் 3 கிலோ வரை வரும். நல்ல இருவர் கூடாரம் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ. இரண்டு வாங்கினால் ஏறக்குறைய அதே எடைதான்.

எடை சமம் என்றான பிறகு மற்றதெல்லாம் இரண்டு கூடாரங்களின் பக்கம் சாய்கிறது. மலைச்சரிவில் சமதளமான சின்ன இடங்கள் கிடைக்கும். கயிறு கட்டும் தூரத்தையும் சேர்த்து நாலு பேருக்கான ஒரே பெரிய சமதளம் எளிதில் கிடைக்காது. உயரமான பெரிய கூடாரம் காற்றை அதிகம் வாங்கும். ராத்திரி நடுவில் படுத்திருப்பவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டித்தான் போக வேண்டும். குறட்டை விடுபவரைத் தனியாகப் பிரிக்கவும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கூடாரத்தின் கம்பி முறிந்தால் அல்லது துணி கிழிந்தால், மிச்சமுள்ள இருவர் கூடாரத்துக்குள் நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தாவது மழையைக் கடத்திவிடலாம். இருந்த ஒன்றே போய்விட்டால் அந்த வழியும் கிடையாது.

ஆகவே நாலு பேர் என்றால் என் ஓட்டு இரண்டு கூடாரங்களுக்கு. இதற்கு ஒரு விலக்கு உண்டு; அது அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: நானும் கணவரும், ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு குழந்தைகள். எங்களுக்கும் இரண்டு டென்ட்தானா?

இல்லை, உங்களுக்கு ஒன்றுதான். நடு இரவில் பயந்து எழும் குழந்தைக்கு அம்மா, அப்பா இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது முக்கியம். மழை நாளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து விளையாடவும் இடம் வேண்டும். மூவர் கூடாரத்திலேயே சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்த வருடம் சமாளிக்கலாம், ஆனால் பிள்ளைகள் வளர்வார்கள். எதிரெதிரே இரண்டு கதவுகள் உள்ள நால்வர் கூடாரமாகப் பாருங்கள்.

கேள்வி: மூன்று பேருக்கானது என்று போட்டிருக்கிறது. நிஜமாகவே மூன்று பேர் படுக்க முடியுமா?

அந்த எண் ஆட்களின் கணக்கில்லை, கீழே விரித்துப் படுக்கும் மேட்டின் (mat) கணக்கு. சாதாரணத் தூங்கும் மேட் 51 செ.மீ. அகலம், 183 செ.மீ. நீளம் இருக்கும். மூன்றை ஒட்டி ஒட்டிப் போட்டால் 153 செ.மீ. கூடாரத் தரை 165 முதல் 180 செ.மீ. அகலம் இருந்தால் "மூவர்" என்று எழுதிவிடலாம். தோள்கள் உரசுமா, பைகளை எங்கே வைப்பது என்பதெல்லாம் அந்த எண்ணில் அடங்காது.

சிக்கல் அகல மேட்டில்தான் ஆரம்பிக்கிறது. அது 64 செ.மீ. மூவரும் அகல மேட் வைத்திருந்தால் 192 செ.மீ.; பெரும்பாலான மூவர் கூடாரங்களில் இது நுழையாது. ஒருவரிடம் மட்டும் அகல மேட், மற்ற இருவரிடம் சாதாரண மேட் என்றால் 166 செ.மீ.; தரை 170 செ.மீ. இருந்தால் போதும். இன்னொன்றும் கவனியுங்கள். பல கூடாரங்கள் தலைப்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் இருக்கும். விளம்பரத்தில் தலைப்பக்க அளவைத்தான் பெரிதாகப் போடுவார்கள். இரண்டு அளவுகளையும் தேடிப் பாருங்கள். கால்பக்கம் குறுகினால், ஒருவர் மட்டும் தலைமாற்றிப் படுத்து இடம் பண்ணிக்கொள்ளலாம் என்ற யோசனையும் பலிக்காது.

வாங்குவதற்கு முன் வீட்டுத் தரையில் அந்த அளவுக்கு ஒட்டுநாடா ஒட்டி, மேட்டுகளை விரித்து, மூவரும் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். எந்த விமர்சனத்தையும் விட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

கேள்வி: என் உயரம் 188 செ.மீ. 215 செ.மீ. நீளமுள்ள டென்ட் போதாதா?

சுவர்கள் செங்குத்தாக இருந்தால் போதும். சரிந்து இறங்கினால் போதாது. காற்றடைத்த மேட் 8 செ.மீ. உங்களைத் தூக்கிவிடும், அதன்மேல் ஸ்லீப்பிங் பேக்கின் உப்பல். பாதமும் முகமும் இருக்கும் அந்த உயரத்தில் கூடாரத்தின் நீளம் தரையில் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். பாதம் துணியில் உரசினால் பேக்கின் நுனி காலையில் நனைந்திருக்கும். தரை நீளம் 225 செ.மீ.க்கு மேல், அல்லது இரு முனைகளும் நிமிர்ந்து நிற்கும் வடிவம். இரண்டில் ஒன்றைத் தேடுங்கள்.

கேள்வி: ஒரே டென்டுக்கு இரண்டு எடை போட்டிருக்கிறார்களே, எதை நம்புவது?

பெரிய எண்ணை. சிறியது பெரும்பாலும் உள்கூடு (நாம் படுக்கும் வலைக்கூடு), அதன்மேல் போர்த்தும் வெளித்துணி, கம்பிகள் மட்டும். முளைகள், கயிறுகள், பைகள் அதில் வராது. முளை இல்லாமல் நீங்கள் போகப் போவதில்லை. இரண்டுக்கும் நடுவே 200, 300 கிராம் வித்தியாசம் இருப்பது சகஜம்.

கேள்வி: அண்ணா, நாங்க மூணு பேருமே ட்ரெக்கிங் போல் (ஊன்றி நடக்கிற கோல்) வச்சிருக்கோம். அதையே தூணா நிறுத்துற டென்ட் நல்லதா?

எடைக்கு அதைவிட நல்ல வழி இல்லை, தம்பி. கூடாரக் கம்பிகளின் எடை அப்படியே கழிந்துவிடும். இருவருக்கான இந்த வகை ஒரு கிலோவுக்குக் கீழேயே கிடைக்கும். மூவருக்கு, நடுவில் ஒரே கோல் நிற்கும் பிரமிடு வடிவமும் உண்டு. எடைக்குத் தாராளமான இடம், காற்றுக்கும் நன்றாகத் தாங்கும்.

ஆனால் இந்தக் கூடாரத்துக்கு நிலம் ஒத்துழைக்க வேண்டும். முளைதான் இதன் உயிர். பாறைத் தரையில் முளை இறங்காது, மணலில் நிற்காது. பாறை என்றால் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டலாம். மணலிலும் பனியிலும் ஒரு பையில் மணலோ பனியோ நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடலாம். இரண்டும் வேலை செய்யும், ஆனால் இருட்டின பிறகு, களைத்துப்போய், மழையில் செய்யும்போது பொறுமை வேண்டும். சொந்தக் கம்பிகளால் தானாக நிற்கும் கூடாரத்தை நிறுத்திப் பார்த்து, இடம் பிடிக்கவில்லை என்றால் அப்படியே தூக்கி நகர்த்தலாம். ஆனால் தானாக நிற்கிறதே என்று முளை அடிக்காமல் விட்டால் காற்று அதையும் உருட்டிக்கொண்டு போகும்.

இன்னொரு விஷயம்: கூடாரத்தைப் போட்டுவிட்டு மாலையில் பக்கத்துச் சிகரத்துக்கு ஏறப் போகிறீர்கள் என்றால், கோல் கூடாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். மூன்று பேரிடமும் இரண்டிரண்டு இருந்தால் கவலையில்லை.

கேள்வி: சில்நைலான், சில்பாலியெஸ்டர், டைனீமா. தலை சுற்றுகிறது. எது?

முன்னால் வரும் "சில்" சிலிக்கான் பூச்சைக் குறிக்கும். நைலான் எடைக்கு எடை உறுதியானது, எளிதில் கிழியாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டியது ராத்திரி மழையில் தொய்ந்துபோகும். படுக்கும் முன் ஒருமுறை கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், கிழியாமல் தாங்கும் பலம்தான் குறைவு. டைனீமா கலவைத் துணி தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது, தொய்யாது, எடை மிகக் குறைவு. ஆனால் கூர்மையான முள்ளுக்கும் உராய்வுக்கும் சோடை, மடித்தால் பருமன் அதிகம், விலை மற்றதைப்போல் பல மடங்கு. முதல் கூடாரம் வாங்குகிறவர்களுக்கு நான் பாலியெஸ்டரைத்தான் சொல்வேன்.

டெனியர் என்ற எண்ணையும் பார்ப்பீர்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. 20 டெனியர் நடுத்தரம். 7 டெனியர் என்று பார்த்தால், இடம் பார்த்துப் பார்த்துக் கூடாரம் போடும் பொறுமை உங்கள் குழுவில் எல்லோருக்கும் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

கடைசியாக, இரு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் தையலுக்கு மேல் நாடா ஒட்டாது. சில கூடாரங்கள் தையலை அடைக்காமலே வரும். சிலிக்கான் பசையை நீங்களே தூரிகையால் பூசி ஒரு நாள் உலர விட வேண்டும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நீர் தாங்கும் திறன் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்கிறார்கள். 3000 இரண்டு மடங்கு நல்லதா?

துணிமேல் அத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். வெளித்துணிக்கு 1500 தாராளம். தரைக்கு அதிகம் இருப்பது நல்லது. ஈர நிலத்தில் முழங்காலை ஊன்றும்போது விழும் அழுத்தம் மழைத்துளியைவிட எவ்வளவோ பெரிது. புதிய கூடாரம் ஒழுகினால் துணியைச் சந்தேகிக்கும் முன் தையலைப் பாருங்கள்.

கேள்வி: மழையே இல்லை. ஆனால் காலையில் டென்டின் உள்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். ஒழுகுகிறதா?

அது உங்கள் மூச்சு. ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாகச் சுமார் கால் லிட்டர் நீரை வெளியே விடுகிறார். மூன்று பேர் என்றால் முக்கால் லிட்டர். மேகமில்லாத இரவில் வெளித்துணி வானத்துக்கு வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும், உங்கள் ஆவி அதில் போய்ப் படியும். இதை முழுக்கத் தடுக்கும் கூடாரம் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

உள்கூடும் வெளித்துணியும் தனித்தனியாக உள்ள இரட்டைச் சுவர் கூடாரத்திலும் ஈரம் வரும், ஆனால் அது வெளித்துணியில் நின்றுவிடும். நடுவில் வலை இருப்பதால் உங்கள்மேல் உரசாது. வெளித்துணி மட்டுமே உள்ள ஒற்றைச் சுவரில் உரசும். தனி ஆள் அதைப் பார்த்து நடந்துகொள்வார். மூன்று பேர் புரண்டு படுக்கும் இடத்தில் யாராவது ஒருவர் துணியைத் துடைத்துக்கொண்டேதான் இருப்பார். குழுவுக்கு இரட்டைச் சுவரே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

மிச்சமெல்லாம் இடம் தேர்வதில் இருக்கிறது. நீர்க்கரையையும் பள்ளத்தின் அடியையும் தவிருங்கள். குளிர்ந்த ஈரக் காற்று அங்கேதான் வந்து தேங்கும். கரையிலிருந்து கொஞ்சம் மேலே, மரக்கிளைகளின் கீழ் போட்டால் ஈரம் கணிசமாகக் குறையும். காய்ந்த கிளை தலைக்கு மேல் இல்லையே என்று மட்டும் நிமிர்ந்து பார்த்துவிடுங்கள். மழை இல்லையென்றால் வெளிக்கதவைச் சுருட்டிக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை அடைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதனால் சூடு பெரிதாக ஏறாது, ஈரம்தான் ஏறும்.

கேள்வி: மழை பெய்தால் உள்ளேயே அடுப்பு பற்ற வைக்கலாமா?

கூடாது. துணி நொடியில் உருகிப் பற்றும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. மழை விடும்வரை காத்திருங்கள், அல்லது சமைக்கத் தேவையில்லாததைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

கேள்வி: நான்கு பருவ டென்ட் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

அது பனிப்புயலுக்கானது. வலை குறைவு, கம்பி அதிகம், கனமும் அதிகம். கோடையில் உள்ளே புழுங்கிச் சாவீர்கள். பனியில் தங்கப் போவதில்லை என்றால் மூன்று பருவம் போதும்.

கேள்வி: கார்பன் கம்பி எடை குறைவாமே?

குறைவுதான். அலுமினியம் அதிகச் சுமையில் வளையும், கார்பன் முறியும். வளைந்ததை நிமிர்த்தி அந்த இரவை ஓட்டலாம். எந்தக் கம்பி வாங்கினாலும், முறிந்த இடத்தில் மாட்டுகிற சின்னக் குழாய் ஒன்று பெரும்பாலும் கூடவே வரும். அதை வீட்டில் விட்டுப் போகிறவர்களே அதிகம்.

கேள்வி: அடிவிரிப்பு தனியாக வாங்கியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. தரைத்துணி மெல்லியதாகவும் நிலம் முரடாகவும் இருந்தால் போடலாம். எதைப் போட்டாலும் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து உங்களுக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

கேள்வி: மூன்று பேர் ஒரு டென்ட். எப்படிப் பிரித்துத் தூக்குவது?

வெளித்துணி ஒருவர், உள்கூடு ஒருவர், கம்பியும் முளையும் ஒருவர். ஈர வெளித்துணி தனியாகப் போவதால் உள்கூடு காய்ந்தே இருக்கும். கிராம் கணக்கில் சரியாகப் பிரிக்க மெனக்கெட வேண்டாம்; யாருக்குக் குறைகிறதோ அவரிடம் அடுப்பையும் பாத்திரத்தையும் கொடுத்துவிடுங்கள். ஆனால் மூவரும் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே நடக்க வேண்டும். வேகமாகப் போகும் ஒருவர் கம்பிகளோடு அடுத்த மலையில் நின்றால், பின்னால் வருகிற இருவரிடமும் இருப்பது வெறும் துணி. பிரிந்து நடக்கும் பழக்கமுள்ள குழு என்றால் வெளித்துணியையும் கம்பிகளையும் முளைகளையும் ஒரே பையில் வையுங்கள். உள்கூடு வர நேரமானாலும் கூரை நின்றுவிடும். வெளித்துணியை முதலில் நிறுத்த முடிகிற கூடாரமாக இருந்தால்தான் இது நடக்கும், அதையும் வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய டென்ட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையும் தொட்டால் ஒட்டும் பிசுபிசுப்பும் இருந்தால் உள்பூச்சு சிதைந்துவிட்டது. ஈரத்தோடு மடித்து வைத்த கூடாரத்துக்கு இது சீக்கிரம் வரும், சரிசெய்வதும் வீண் வேலை. பிறகு வெளித்துணியை விரல்களால் பிடித்து மிதமாக இழுங்கள். வெயிலில் நைந்துபோனது அங்கேயே கிழியும், விற்பவர் முன்னாலேயே செய்வது நல்லது. ஜிப் ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். கடைசியில் கம்பிகளை மாட்டி முழுதாக நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போய்ப் படுத்து, கதவை மூடி, துணியில் எங்கெங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறது என்று எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.