வினையூக்கி என்று நம்பி அலுமினியம் குளோரைடைக் குறைத்தால்...

கேள்வி: பென்சீனிலிருந்து அசிட்டோபீனோன் தயாரித்தேன். அசிட்டைல் குளோரைடு 7.85 கிராம். வினையூக்கிதானே என்று நீரற்ற அலுமினியம் குளோரைடு 1.5 கிராம் மட்டும் போட்டேன். 12 கிராம் வர வேண்டிய இடத்தில் ஒரு கிராம் சொச்சம்தான் கிடைத்தது. ஹைட்ரஜனே இல்லாத இதை அமிலம் என்று சொல்வதும் பிடிபடவில்லை.

பதில்: இரண்டாவது சந்தேகம் தீர்ந்தால் முதலாவது தானாகத் தீரும்.

புரோட்டானைத் தருவது அமிலம் என்று பிரான்ஸ்டெட்டும் லௌரியும் சொன்ன அதே 1923-இல், எலக்ட்ரான் இரட்டையை ஏற்பது அமிலம், தருவது காரம் என்றார் ஜி. என். லூயிஸ். மூன்று குளோரினோடு இணைந்த அலுமினியத்தைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. எட்டாக இன்னும் ஓர் இரட்டை வேண்டும். தரும் ஆள் வேறு யாரும் இல்லாவிட்டால், பக்கத்து மூலக்கூறின் குளோரினிடமாவது வாங்கி இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும். அவ்வளவு பசி.

குடுவையில் அசிட்டைல் குளோரைடு அந்தக் காலியிடத்துக்கு இரட்டையைத் தர, குளோரின் பிடுங்கப்பட்டு, நேர்மின் கொண்ட அசைலியம் அயனி (CH₃CO⁺) பிறக்கிறது. அது பென்சீன் வளையத்தைத் தாக்குகிறது. சிக்கல் இதற்குப் பிறகுதான். விளையும் அசிட்டோபீனோன் என்ற கீட்டோனின் ஆக்சிஜனிடமும் தனித்த இரட்டை உண்டு. அசிட்டைல் குளோரைடைவிட நன்றாகத் தரும். அது அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டால் விடாது. ஒரு மோல் கீட்டோன் உருவானால் ஒரு மோல் அலுமினியம் குளோரைடு முடங்கும். உங்கள் 1.5 கிராம் என்பது 0.011 மோல், அதற்கு அதிகபட்சம் 1.35 கிராம் அசிட்டோபீனோன். கிடைத்ததும் ஏறக்குறைய அதுதான். வளையத்தில் வெறும் கார்பன் சங்கிலியை ஒட்டும் அல்கைலேற்றத்தில் விளைபொருளிடம் இப்படித் தர இரட்டை இல்லை, ஆகவே அங்கே சிறிதளவு போதும். பலரைக் குழப்புவது இந்த வேறுபாடே.

0.1 மோல் அசிட்டைல் குளோரைடுக்கு மோல் கணக்கில் 1.1 மடங்கு அலுமினியம் குளோரைடு, அதாவது 14.7 கிராம் எடுங்கள். அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்றால் உடன் விளையும் அசிட்டேட்டும் பங்கு கேட்கும். இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வேண்டும்.

அடுத்த எதிரி தண்ணீர். குடுவைச் சுவரில் ஒட்டிய 1 கிராம் நீர் 7.4 கிராம் வரை அலுமினியம் குளோரைடைத் தின்றுவிடும். பழைய பாட்டிலில் தூள் வெளுத்துக் கட்டியாகியிருந்தால் அதைத் தொடாதீர்கள். மூடியை ஃபியூம் ஹூடுக்குள் மெதுவாகத் திறங்கள், உள்ளே ஹைட்ரஜன் குளோரைடு அழுத்தத்தோடு இருக்கலாம். ஓவனில் உலர்த்தியும் மீட்க முடியாது: நீர் பிடித்த உப்பைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறி கடைசியில் அலுமினாதான் (அலுமினியம் ஆக்சைடு) மிஞ்சும்.

உலர்ந்த பென்சீனில் தூளைக் கலக்கி, 0–5 டிகிரியில் அசிட்டைல் குளோரைடை அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கார நீருக்குச் சற்று மேலே கவிழ்த்த புனலுக்குள் விடுங்கள். புனல் முழுகினால் கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்படும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். அசிட்டோபீனோனே வேண்டும் என்றில்லாவிட்டால் டொலுவீனுக்கு மாறுவதே என் பரிந்துரை.

வாயு நின்றதும், 100 கிராம் நொறுக்கிய பனிக்கட்டியும் 25 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உள்ள பீக்கரில் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சீறும், ஆரஞ்சு நிறம் மங்கும். முடங்கிய கீட்டோன் இப்போதுதான் விடுபடுகிறது: நீர் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அமிலம் சேர்க்காவிட்டால் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழாகி, பிரிபுனலில் அடுக்குகள் பிரியாது.

அனிலீனில் இதை நேரடியாக முயலாதீர்கள். நைட்ரஜனின் இரட்டை முதலில் மாட்டிக்கொண்டு வளையம் செயலற்றுப்போகும். அசிட்டனிலைடாக மாற்றிக்கொண்டு, அதன் அமைடு ஆக்சிஜனுக்கும் சேர்த்து அலுமினியம் குளோரைடைக் கணக்கிடுங்கள்.