கம்ப்யூட்டர் கேள்வி - பதில்: விமானம் ஏறும் டெஸ்க்டாப்

கேள்வி: வேலை மாற்றலாகி வெளிநாடு போகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பை அப்படியே பேக் செய்து அனுப்பலாமா, விற்றுவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பிரித்து, மதிப்புள்ள பாகங்களை மட்டும் எடுத்துப் போங்கள். மதர்போர்டு, பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி. எல்லாம் ஒரு கைப்பையில் அடங்கிவிடும். கேபினெட், மானிட்டர், யு.பி.எஸ். மூன்றையும் விட்டுவிடுங்கள்.

முழுசாக அனுப்பினால் முதலில் அடிபடுவது கிராபிக்ஸ் கார்டு. ஒரு கிலோவைத் தாண்டும் கார்டுகள் உண்டு. அந்தப் பாரம் முழுக்க ஒரு ஸ்லாட்டிலும் பின்பக்கத்து ஸ்க்ரூக்களிலும்தான் தொங்குகிறது. பெட்டியை யாராவது தொப்பென்று போட்டால் ஸ்லாட்டே உடையலாம். கழற்றும்போது ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள தாழ்ப்பாளை அழுத்திவிட்டுத் தூக்குங்கள். பலர் அதை மறந்து இழுத்து உடைக்கிறார்கள்.

பிராசசர் மேல் நிற்கும் பெரிய கூலரையும் கழற்ற வேண்டும். கழற்றுமுன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் சூட்டில் இளகும். கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி, பிறகு தூக்குங்கள். இறுகிய நிலையில் வெடுக்கென்று இழுத்தால், ஏஎம்4 சாக்கெட்டில் (ஏ.எம்.டி. பிராசசர்கள் உட்காரும் ஒரு வகை இருக்கை) பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரலாம், பின்கள் வளையலாம். பிராசசரைச் சாக்கெட்டிலேயே பூட்டி வைத்திருப்பது நல்லது. மறுபடி மாட்டும்போது பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிது தடவுங்கள்.

ஒவ்வொரு பாகத்தையும் ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் (நிலைமின்சாரத்திலிருந்து காக்கும் உறை) போட்டு, அதற்கு மேல் பபிள் ரேப் சுற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போகட்டும்.

கேள்வி: அங்கே மின்சாரம் 120 வோல்ட். பவர் சப்ளை தாங்குமா?

பதில்: பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். '100-240V, 50/60Hz' என்றிருந்தால் கவலையே இல்லை. அந்த நாட்டு பிளக் உள்ள பவர் கார்டு ஒன்று வாங்கினால் போதும். பழைய மாடல்களில் 115/230 என்று சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 230-ல் வைத்து 120-ல் செருகினால் கம்ப்யூட்டர் கிளம்பாது, அவ்வளவுதான். 115-ல் வைத்து 230-ல் செருகினால் பவர் சப்ளை வெடித்துப் போகும்.

அங்கே போய்ப் புது பவர் சப்ளை வாங்கினால், பழையதன் மாடுலர் கேபிள்களை (கழற்றி மாட்டக்கூடியவை) தயவுசெய்து அதில் மாட்டாதீர்கள். முனை கச்சிதமாகப் பொருந்தும்; உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹார்டு டிஸ்க் ஒரே நொடியில் கருகிவிடும்.

கேள்வி: டேட்டாவுக்கு என்ன பாதுகாப்பு?

பதில்: பேக்கப் ஒன்றை வேறு பையில் வையுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரிகவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மதர்போர்டை மாற்ற நேர்ந்தால் பிட்லாக்கர் அதைக் கட்டாயம் கேட்கும்.