குட்டிக் கைகள் செய்யும் வீட்டு அலங்காரம்: கேள்வி பதில்

சிறு குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பது என் வேலை. மழை, வெயில், இலையுதிர்வு, பனி என்று பருவம் மாறும்போது குழந்தைகளோடு சேர்ந்து வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரேமாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. ஆசையாக உட்கார்வான், ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவான். மீதியை நான்தான் செய்து முடிக்கிறேன். இதற்கெல்லாம் அவனுக்கு இன்னும் வயது வரவில்லையா?

பதில்: வயதெல்லாம் வந்துவிட்டது. ஐந்து நிமிடம் அந்த வயதுக்கு நல்ல நேரம்தான். ஒரு பொருளைச் செய்வதென்றால் வரைவது, வெட்டுவது, ஓட்டை போடுவது, ஒட்டுவது, கட்டுவது என்று பல வேலைகள். அத்தனைக்கும் உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். அவன் கைக்கு வருகிற ஒரு வேலையை மட்டும் அவனுக்கு எடுத்து வையுங்கள். மற்றதை அவன் தூங்கும்போது நீங்கள் முடித்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு மேகம் செய்வதாக வைத்துக்கொள்வோம். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து மேக வடிவம் வெட்டுவது, கீழ் ஓரத்தில் ஓட்டை போடுவது, நீலத் தாளில் மழைத்துளிகள் வெட்டி நூலில் கோத்து வைப்பது உங்கள் பாடு. பஞ்சு ஒட்டுவது அவன் பாடு. அவன் வருவதற்கு முன்னால் அட்டையின் நாலு பக்கமும் டேப் போட்டு மேசையோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஒரு கையால் அட்டையை அழுத்திக்கொண்டு மறுகையால் பசை தடவ இரண்டரை வயதில் வராது. அட்டை நழுவ நழுவ எரிச்சல் வரும், எழுந்துவிடுவான். பசையை டப்பாவோடு கொடுக்காமல் ஒரு மூடியில் கொஞ்சமாக ஊற்றி, தடித்த பிரஷ் ஒன்றைக் கொடுங்கள். பஞ்சை முன்கூட்டியே உருட்டி வைக்க வேண்டாம். அதைப் பிய்ப்பதில்தான் பாதி சந்தோஷம்.

அவன் எழுந்துவிட்டால் வேலை முடிந்தது. பாதி மேகம் மொட்டையாக இருந்தால் மொட்டையாகவே மாட்டுங்கள். ராத்திரி உட்கார்ந்து மீதிப் பஞ்சை ஒட்டி அழகாக்கினால் காலையில் அவன் கண்டுபிடித்துவிடுவான். அது தன்னுடையது இல்லை என்றும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு ஆறு, மகனுக்கு இரண்டு. ஒன்றாக உட்கார வைத்தால் அடிதடி. இருவரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

பதில்: இலைத் தேய்ப்பு. ஒரே பொருள், வேலை மட்டும் வேறு. பறித்த அன்றே செய்யுங்கள். காய்ந்த இலை அழுத்தினால் நொறுங்கிவிடும். இலையைக் குப்புறப் போடுங்கள், நரம்புகள் அடிப்பக்கத்தில்தான் புடைத்திருக்கும். மேலே மெல்லிய வெள்ளைத் தாளை விரித்து மூலைகளில் டேப் போடுங்கள். கிரேயானின் காகித உறையை உரித்து, நுனியால் தீட்டாமல் படுக்கை வாட்டில் வைத்துத் தேய்க்க வேண்டும். ஒன்றுமில்லாத தாளில் நரம்பு நரம்பாக இலை எழும்பி வரும்போது இரண்டு வயதுக் குழந்தையும் வாயைத் திறந்து பார்க்கும்.

தேய்ப்பது தம்பி. அந்த இலைகளை வெட்டி எடுத்து, காம்பில் ஓட்டை போட்டு, நூலில் கோத்து வாசலுக்குத் தோரணமாக்குவது அக்கா. அவளுக்கும் தேய்க்க ஆசை இருக்கும், நாலைந்து இலையை அவளுக்கென்று தனியே ஒதுக்கிவிடுங்கள். கிரேயானை மட்டும் ஆளுக்கு ஒரு பெட்டியாகக் கொடுப்பது வீட்டுக்கு நல்லது.

கேள்வி: சிவப்பும் மஞ்சளுமாக உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து புத்தகத்துக்குள் வைத்தோம். பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. மீதியை ஜன்னலில் ஒட்டினோம், வெளுத்துப் போனது. எங்கே தப்பு?

பதில்: பூஞ்சைக்கு ஈரம் காரணம். இலையைத் துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு பக்கமும் உறிஞ்சும் தாள் வைத்துப் புத்தகத்துக்குள் வையுங்கள். செய்தித்தாள் போதும். வழவழப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது. முதல் இரண்டு மூன்று நாள் தாளை மாற்றுங்கள், மேலே நல்ல பாரம் ஏற்றுங்கள். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ந்துவிடும்.

வெளுப்பது வெயிலால். இலையில் பச்சையம் சிதையும்போது ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, பெரும்பாலும் அந்தப் பருவத்தில் இலை புதிதாக உண்டாக்குகிற நிறம் அது. இரண்டுமே நேர் வெயிலில் நிற்காது. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். சுருண்டு நொறுங்காமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு தண்ணீரும் கலந்து, ஒரு தட்டில் இலைகளை மூழ்கும்படி சில நாள் வைத்து எடுத்துத் துடையுங்கள். நிறம் கொஞ்சம் கருக்கும், ஆனால் இலை தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். குழந்தைகள் கையாள அதுதான் வசதி.

கேள்வி: உப்பு மாவில் நட்சத்திரம் செய்தோம். காய்ந்ததும் விரிசல்.

பதில்: இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் பொடி உப்பு, தண்ணீர் ஒரு கப்புக்குள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராகத் தேய்த்து அச்சால் வெட்டுங்கள். விரிசல் வருவது பெரும்பாலும் அவசரத்தால். மேல்புறம் சட்டென்று காய்ந்து, உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். ஓவன் என்றால் 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஓவன் இல்லாவிட்டால் நிழலில் காற்றாட வைத்து தினமும் திருப்பிவிடுங்கள், சில நாள் பிடிக்கும். நூல் கோக்கும் ஓட்டையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ராவால் குத்திவிட வேண்டும்.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் வண்ணம் காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் வெள்ளைப் பசையை மெல்லிசாகப் பூசிவிடுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் நமுத்துப்போகும். முக்கியமாக ஒன்று: இந்த மாவைத் தின்ன விடக் கூடாது. அவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் ஆபத்து. எதையும் வாயில் வைக்கிற வயதென்றால் இதைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: தாளை மடித்துப் பனிப்பூ வெட்டினால் எனக்கு எப்போதும் நாலு இதழ் அல்லது எட்டு இதழ்தான் வருகிறது. படங்களில் ஆறு இருக்கிறதே?

பதில்: நிஜப் பனிப்பூவுக்கு ஆறு கைதான். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் அப்படி. நீங்கள் பாதி, பாதி என்று மடித்துக்கொண்டே போவதால் நாலும் எட்டும் வருகின்றன. ஒரு தட்டை வைத்து வட்டம் வரைந்து வெட்டி, முதலில் பாதியாக மடியுங்கள். அந்த அரைவட்டத்தை மூன்று சம பாகமாக மடியுங்கள்: வலதுபக்கம் உள்ளே, இடதுபக்கம் அதன்மேல். இப்போது ஆறு அடுக்கு. சாதாரணத் தாளாக இருந்தால் ஐந்து வயதுக் கையாலும் வெட்ட முடியும். இரண்டு மடிப்பு ஓரத்திலும் ஒரேமாதிரி வெட்டச் சொல்லுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் வெட்டினால் அந்த வடிவம் மூன்று இடத்தில்தான் வரும். படத்தில் பார்க்கிற அத்தனை நுணுக்கமும் வேண்டுமென்றால் இன்னொரு மடிப்பு போடலாம், ஆனால் பன்னிரண்டு அடுக்கை வெட்டுவது பெரியவர்கள் வேலை.

விரிக்கும் வேலையைக் கட்டாயம் குழந்தையிடம் விடுங்கள். கிழிந்தால் கிழியட்டும், தாள்தானே.

கேள்வி: காகிதச் சங்கிலிக்கு எத்தனை தாள் வேண்டும்? ஒவ்வொரு தடவையும் பாதியில் தீர்ந்துபோகிறது.

பதில்: ஏ4 தாளைக் குறுக்கு வாட்டில் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் 21 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்பது பட்டைகள். ஒட்டிய வளையம் சுமார் 6 சென்டிமீட்டர் அகலம் வரும். ஆக, இரண்டு மீட்டர் சங்கிலிக்கு நாலு தாள். தொங்கும்போது வளையங்கள் நீள்வதால் இன்னும் கொஞ்சம் நீளம் கிடைக்கும். பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருக்கும் பொறுமை சின்னக் கைக்கு இருக்காது, ஸ்டேப்ளரை நீங்கள் வைத்துக்கொண்டு அவர்களை வளைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜிகினாத் தூள் தூவலாமா? மகள் கேட்டு அடம்பிடிக்கிறாள்.

பதில்: நான் கொடுப்பதில்லை. கண்ணில் விழுந்தால் கீறும், வீடு முழுக்க ஒட்டும், பெருக்கித் தள்ளினாலும் போகாது. அது பிளாஸ்டிக் துகள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து இந்தத் தூளைத் தனியாக விற்பதற்குக் கட்டுப்பாடே கொண்டுவந்துவிட்டது. மினுமினுப்புதானே வேண்டும்? சாக்லேட் சுற்றி வருகிற வண்ணத் தாள்களைச் சேர்த்து வைத்துப் பிய்த்து ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏம்மா, பேத்தியைக் கூட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போகிறேன். விதை, காய், இலை என்று அள்ளிக்கொண்டு வருகிறாள். மூன்று வயது. எதைத் தொடவிடலாம், எதை விடக் கூடாது?

பதில்: ஐயா, கைவேலையில் இதைவிட நல்ல பகுதி கிடையாது. ஒரு பை கொடுத்துவிடுங்கள். ஆனால் மூன்றை மட்டும் பைக்குள் வர விடாதீர்கள்: குன்றிமணி, ஆமணக்கு விதை, அரளியின் எந்தப் பாகமும். மூன்றும் நஞ்சு. குன்றிமணி சிவப்பும் கருப்புமாகப் பார்க்க அழகாக இருப்பதால் நம்மில் பலர் அதைக் கொண்டே அலங்காரம் செய்திருப்போம். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். பெயர் தெரியாத விதை, காளான் எதுவும் அப்படித்தான்.

நஞ்சில்லாததும் தொண்டையில் சிக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆபத்து. வீட்டில் டாய்லெட் பேப்பரின் நடு அட்டைக்குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் பாதுகாப்புப் பக்கமே சாயும். குழாய்க்குள் விழுவதெல்லாம் உங்கள் சட்டைப்பைக்கு, விழாததெல்லாம் பேத்திக்கு. அவளையே போட்டுப் பார்க்கச் சொன்னால் அதுவே ஒரு விளையாட்டு.

பைன் காய் கிடைத்தால் விடாதீர்கள். ஈரத்தில் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். தண்ணீரில் போட்டு மூடவைத்து, வெயிலில் வைத்துத் திறக்கவைத்துக் காட்டலாம். அதைத் தொங்கவிடுவதைவிட அது திறப்பதைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: காகித விளக்குக்கூடு செய்து உள்ளே சின்ன எல்இடி விளக்கு வைக்கிறோம். மெழுகுவர்த்தி இல்லாததால் பயமில்லைதானே?

பதில்: நெருப்புப் பயம் இல்லை, பட்டன் பேட்டரி பயம் இருக்கிறது. அந்தக் குட்டி விளக்குகளில் பலவற்றில் காசு மாதிரியான பேட்டரிதான். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாக அரித்துவிடும். மூடியைத் திருகாணி போட்டு மூடியிருக்கிற விளக்கை மட்டும் வாங்குங்கள், கை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், தீர்ந்த பேட்டரியைக் கூட மேசையில் விடாதீர்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, அழுகை வலி எதுவும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உண்மையில் இந்தக் கூடு விளக்கே இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்திலும் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் ஆணி கூடாது, டேப் ஒட்டினால் பெயின்ட் உரிகிறது.

பதில்: சுவரை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போங்கள். போஸ்டர் கலரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து கண்ணாடியில் தீட்டச் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். தோரணத்தை ஜன்னல் கம்பிக்குக் கம்பி கட்டலாம், தொட்டிலுக்கு மேலேயும் குழந்தையின் கைக்கெட்டுகிற இடத்திலும் மட்டும் நீளமான கயிறு வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடியில் டேப் பிசுக்கு இருந்தால் சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வரும். சுவரில் எண்ணெய் தொடாதீர்கள், கறை நிற்கும்.

கேள்வி: மகனுக்கு இடது கை. கத்தரிக்கோலால் வெட்டவே வரவில்லை, தாள் மடங்கிக்கொள்கிறது.

பதில்: அவன் கையில் குறையில்லை. சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையால் அழுத்தினால் இரண்டு அலகும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெட்டும் கோடும் மறைந்துவிடும். இடது கைக்கென்றே அலகு மாற்றி வைத்த கத்தரிக்கோல் வாங்கிக்கொடுங்கள். பிடி மட்டும் இரண்டு கைக்கும் பொருந்துகிற மாதிரி வருவது உதவாது. பழகத் தொடங்கும்போது கொஞ்சம் தடித்த தாள் கொடுங்கள், மெல்லிய தாள்தான் சட்டென்று மடங்கும்.

கேள்வி: கொளுத்துகிற வெயிலில் என்ன அலங்காரம் செய்வது?

பதில்: பனிக்கட்டித் தட்டு. குழிவான தட்டில் தண்ணீர் ஊற்றி, குழந்தை பொறுக்கி வந்த பூ, இலைகளைப் போடச் சொல்லுங்கள். ஒரு நூலின் இரண்டு முனையும் தண்ணீருக்குள் இருக்கும்படி ஓரத்தில் வைத்து ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் விடுங்கள். காலையில் தட்டின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் கழன்று வரும். நிழலில், சொட்டினால் பரவாயில்லாத இடத்தில் மாட்டுங்கள். நடுவில் வெள்ளையாக இருப்பது காற்றுக் குமிழிகள். ஓரத்திலிருந்து உறைய உறையக் காற்று உள்பக்கம் தள்ளப்பட்டுக் கடைசியில் அங்கே சிக்கிக்கொள்கிறது. எடுத்தவுடன் நாக்கை வைக்க விடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். எங்கே எடுத்து வைப்பது என்ற கவலை இல்லாத ஒரே அலங்காரம் இது.