குளத்து வான்கதவும் உர மானியமும் ஒரே 'அவசரம்' ஆகலாமா?

கேள்வி: மட்டக்களப்பு படுவான்கரையில் உள்ள எங்கள் கமக்கார அமைப்பு, செயலி வழியாகவும் குறுஞ்செய்தியாகவும் உறுப்பினர்களுக்கு அறிவித்தல் அனுப்புகிறது. அவசரம், உயர், சாதாரணம், தகவல் என நான்கு மட்டங்கள் உள்ளன. எல்லாவற்றையும் 'அவசரம்' என்றே அனுப்பியதால் இப்போது பலர் பார்ப்பதில்லை. எப்படித் தெரிவு செய்வது?

பதில்: விடயம் எவ்வளவு முக்கியமானது என்பதை வைத்து மட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள், செய்தி இரண்டு மணித்தியாலம் பிந்திக் கிடைத்தால் பெறுபவர் எதை இழப்பார் என்று பாருங்கள். உர மானியம் மிக முக்கியமானதுதான், ஆனால் அதை மறுநாட் காலையில் வாசித்தாலும் நட்டமில்லை என்பதால் 'சாதாரணம்' போதும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் அதுவே 'உயர்' ஆகலாம். கூட்ட அறிவித்தலும் 'சாதாரணம்'தான், தலைவர் எவ்வளவு வற்புறுத்தினாலும்.

எச்சரிக்கைகளுக்கான 'காப்' (CAP, பொது எச்சரிக்கை நெறிமுறை) என்னும் சர்வதேச நெறிமுறை, எவ்வளவு விரைவாகச் செயற்பட வேண்டும், பாதிப்பு எவ்வளவு கடுமையானது, அது நிகழ்வது எவ்வளவு உறுதி என்ற மூன்றையும் தனித்தனியே மதிப்பிடச் சொல்கிறது. மாரி மழையில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பதாக நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்துவிட்டால், கீழ்ப்புறத் தாழ்நிலத்தில் வயலும் மாட்டுப்பட்டியும் வைத்திருப்பவருக்கு மூன்றும் உச்சத்தில் இருப்பதால் நள்ளிரவானாலும் அது 'அவசரம்'. திறக்கப்படலாம் என்ற நிலையில் 'உயர்' போதும். ஆனால் மாடுகளையும் நீர்ப்பம்பியையும் மேட்டுக்குக் கொண்டுபோக நேரம் இருக்கும்படி பகலிலேயே அனுப்புங்கள். மேட்டுநிலக்காரருக்கோ இவை இரண்டும் வெறும் 'தகவல்'. ஆகவே உறுப்பினர் பட்டியலை வட்டவிதானை (வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர்) பிரிவுவாரியாகப் பிரித்து வைப்பதே, மட்டங்களைப் பற்றி விவாதிப்பதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து.

அண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு வகை அறிவித்தலுக்கும் செயலியில் தனி அலைவரிசை (channel) அமைக்கலாம். பயனர் ஒன்றின் ஒலியை நிறுத்திவிட்டால் செயலியால் அதை மீண்டும் உயர்த்த முடியாது. கூட்டமும் வெள்ளமும் ஒரே அலைவரிசையில் வந்தால், கூட்டத்தால் சலித்தவர் வெள்ளத்தையும் சேர்த்தே அடைத்துவிடுவார். மேலும், கைபேசி உறக்கநிலையில் இருக்கும்போது சாதாரண முன்னுரிமைச் செய்திகள் தாமதமாகலாம் என்பதால், வான்கதவுச் செய்தியைச் செயலியோடு குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறியீடுகளே அடங்கும். 'குளம்' என்ற மூன்றெழுத்தே ஐந்து குறியீடுகளை எடுத்துக்கொள்ளும். வணக்கத்தையும் அமைப்பின் பெயரையும் விட்டுவிட்டு, எந்தக் குளம், எத்தனை மணி, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதி, மாரிக்கு முன்பே வார்ப்புருவாகச் சேமித்துவையுங்கள்.

'அவசரம்' அனுப்பும் அனுமதி இருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவர்களும் திணைக்களத்தின் அறிவித்தலையோ, 117 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்டு உறுதிசெய்ததையோ தவிர வேறெதையும் அனுப்பக்கூடாது. ஆபத்து நீங்கியதும், எச்சரிக்கை பெற்ற அத்தனை பேருக்கும் அதே வழிகளில், ஆனால் 'உயர்' மட்டத்தில், அதை அறிவியுங்கள். அந்தச் செய்தி பகலிலேயே போகட்டும்.