கத்தி பிடிக்காத விரலும் கண்ணுக்குத் தெரியாத மடையும்

குலசேகரத்திலிருந்து ஒருவர்: ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியற்காலையில் விரல் மடங்குவதில்லை, கத்தியைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. முடக்குவாதமாம். மகன் போனில் படித்துவிட்டு 'மைக்ரோ ஆர்என்ஏ கோளாறு' என்கிறான்.

மகன் சொன்னதில் பாதி சரி, அண்ணாச்சி. மரபணுவில் உள்ள செய்தியை நகலெடுத்துத்தான் செல் புரதம் செய்கிறது. ஏறக்குறைய 22 எழுத்தே உள்ள மைக்ரோ ஆர்என்ஏ அந்த நகலில் ஒட்டிக்கொண்டு வேலையை மட்டுப்படுத்தும். ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதை 1993-ல் கண்ட விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ரவ்குனும் 2024-ல் நோபல் வாங்கினார்கள்.

கிருமி வந்ததும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் அழற்சியைக் கிளப்புகிறது. அதே கையோடு 146ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏவையும் கூட்டி வருகிறது. பேச்சிப்பாறைக் கால்வாயில் மடையைத் திறந்தவரே அடைக்கவும் ஆள் அனுப்புவது மாதிரி. 155 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ பெரும்பாலும் எதிர்ப்பக்கம், அழற்சிக்குத் துணை போவது. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் நோய்தான் முடக்குவாதம். அந்த மூட்டில் 155 கூடியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நோயாளிகளின் ரத்தச் செல்களில் 146ஏ-யும் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அது அடக்க வேண்டிய, அழற்சியைத் தூண்டும் டிராஃப்6 என்ற புரதம் அடங்கவில்லை. ஆள் வந்துவிட்டார், மடைதான் அடையவில்லை. இது நோய்க்குக் காரணமா, விளைவா என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. பீடி பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது இந்த நோய்க்கு எண்ணெய் வார்ப்பது என்பதில் வாதமே இல்லை.

குளச்சல் வாசகி: மகளுக்கு லூபஸ். மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம் அக்கா. லூபஸும் எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் நோய்தான். லூபஸ் நோயாளிகளின் வெள்ளணுக்களில் 146ஏ குறைவாகவும், அதனால் அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் ஓங்கியும் இருப்பதை 2009-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அதைவைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவருக்கு இன்று வழியில்லை. இன்னொன்று, குழாயில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் நாகர்கோவில் வரை குலுங்கிப் போனால் சிவப்பணு உடையும். அதிலுள்ள மைக்ரோ ஆர்என்ஏ கலந்து கணக்கே மாறிவிடும். அந்தக் காசில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று தவறாமல் பாருங்கள். லூபஸ் சத்தமில்லாமல் கைவைப்பது சிறுநீரகத்தில்தான்.

தோவாளை வாசகி: பெண்களுக்கே ஏன் அதிகம்?

லூபஸில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோனுக்குப் பங்குண்டு. எக்ஸ் குரோமோசோமில் மைக்ரோ ஆர்என்ஏ மரபணுக்கள் ஏராளம், பெண்ணுக்கு அது இரண்டு. சந்தேகம் அந்தப் பக்கமும் இருக்கிறது.

மார்த்தாண்டம் வாசகர்: முருங்கையிலை மைக்ரோ ஆர்என்ஏ கேப்சூல் விற்கிறார்கள். வாங்கலாமா? முடக்குவாதத்துக்குச் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்தலாமா?

சோற்றிலுள்ள மைக்ரோ ஆர்என்ஏ ரத்தத்தில் சேர்கிறது என்று 2012-ல் ஓர் ஆய்வு பரபரப்பாக வந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது நிற்கவில்லை. முருங்கையைத் துவரன் வைத்துச் சாப்பிடுங்கள், அது போதும். மைக்ரோ ஆர்என்ஏவை ஊசி மருந்தாகப் போட முயன்றவர்களும் உண்டு. புற்றுநோய்க்கான எம்ஆர்எக்ஸ்34 சோதனை, கடுமையான எதிர்ப்பாற்றல் விளைவுகளால் 2016-ல் நின்றது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் விழுங்கி வாயெல்லாம் புண்ணாகி வருபவர்களைப் பார்க்கிறேன். எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.